'பெரி த ஹாட்செட்': கோடாலியைப் புதைக்கிறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்

ஆபீஸ்ல ஒரு வெளிநாட்டு கிளையண்ட்கூட பில் விஷயமா ரெண்டு வாரம் மெயில் மேல மெயிலா ஓடிட்டு இருந்துச்சு. கடைசில கணக்கு நேராயிடுச்சு, நான் தேங்க்ஸ் சொல்லிட்டு சும்மா இருந்திருக்கலாம், ஆனா கெத்தா ஒரு வரி போட்டு முடிப்போமேன்னு தோணி "லெட் அஸ் பெரி த ஹாட்செட்"னு எழுதி அனுப்பிட்டேன். அந்தாளு ஒரே ஒரு வரில பதில் போட்டார், நமக்கு நடுவுல கோடாலி ஏதும் இருந்ததாவே எனக்குத் தெரியாதேன்னு. காமெடியா சொன்னாரா கடுப்புல சொன்னாரான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குப் புரியல.

நான் மனப்பாடம் பண்ணி வெச்சிருந்த அர்த்தம் "சமாதானம் ஆகுறது". தப்பில்லை, ஆனா பாதிதான். மீதி பாதி அந்த கோடாலி எங்கேர்ந்து வந்துச்சுன்னு தேடிப் பார்த்தப்போதான் புரிஞ்சுது. இங்கிலீஷ்ல இடியம், அதாவது மரபுத்தொடர் எல்லாம் இப்போதான் பழகுறீங்கன்னா இந்த ஒண்ணை மட்டும் எடுத்து அடியோட நுனியோட பார்த்துடலாம் வாங்க. ஐம்பது இடியத்தை லிஸ்ட் போட்டு படிக்கிறதை விட ஒண்ணை முழுசா படிக்கிறது மேல்னு நான் நம்புறேன், லிஸ்ட்ல படிச்சதைத்தான் நான் இப்படி தப்பா போட்டேன்.

படி 1: முதல்ல வாயில சரியா வரணும்

புதைக்கிறதுக்கான அந்த இங்கிலீஷ் வார்த்தையை "பரி"ன்னும் "புரி"ன்னும் "பியூரி"ன்னும் நம்மாளுங்க சொல்லிக் கேட்டிருக்கேன், நானே காலேஜ் முடியுற வரைக்கும் "பரி"தான். சரியான உச்சரிப்பு "பெரி". ஸ்ட்ராபெரில வர்ற பெரியேதான், ரெண்டுக்கும் ஒரே சத்தம். ஸ்பெல்லிங்ல 'யு' இருக்கே, அது ஏன் 'எ' ஆச்சுன்னு கேட்டா, இங்கிலாந்துல ஒரு வட்டாரத்துக்காரங்க எழுதின எழுத்து நிலைச்சிடுச்சு, கென்ட் பக்கத்துக்காரங்க பேசின உச்சரிப்பு நிலைச்சிடுச்சு, ரெண்டும் ஒட்டாமலே ஒரே வார்த்தைக்குள்ள குடித்தனம் நடத்துது. பாஸ்ட் டென்ஸ்ல "பெரீட்".

ஹாட்செட்ல அந்த "ஹா"வை நம்ம "ஆ" மாதிரி வாயைத் திறந்து இழுக்காதீங்க, ஆவுக்கும் ஏவுக்கும் நடுவுல, பூனையை இங்கிலீஷ்ல சொல்லும்போது வர்ற அந்த சத்தம். தமிழ் எழுத்துல அதை எழுத வழியில்லை, அதனால நான் ஹாட்செட்னே எழுதிட்டுப் போறேன்.

படி 2: பொருளைக் கண்ணு முன்னாடி கொண்டு வாங்க

ஹாட்செட்னா மரம் வெட்டுற பெரிய கோடாலி இல்லை, அதுக்கு ஆக்ஸ்னு தனி வார்த்தை இருக்கு. இது ஒரே கையில பிடிக்கிற கைக்கோடாலி. பிரெஞ்சுல கோடாலிக்கு 'ஹாஷ்', அதோட குட்டிக்கு 'ஹாஷெத்', அங்கேர்ந்து வந்த பேரு. இடுப்புல செருகிக்கலாம், விறகு பொளக்கலாம், சண்டைன்னா ஆளையும் பொளக்கலாம்.

இங்க ஒரு விஷயம் கவனிங்க. தமிழ்ல கோடாலின்னு சொன்னதும் நமக்கு ஞாபகம் வர்றது கோடாலிக்காம்பு, அதாவது கூட இருந்தே குலத்தைக் கெடுக்கிறவன். துரோகம்தான் வருமே தவிர சண்டை வராது. சண்டைக்கு நம்ம ஊர்ல அருவா. "அவன் அருவாளைத் தூக்கிட்டான்"னா அர்த்தம் தெளிவு. இந்த இடியத்துல வர்ற ஹாட்செட்டை உங்க மனசுக்குள்ள அந்த அருவா இருக்கிற இடத்துல வையுங்க, பாதி வேலை முடிஞ்சுது.

படி 3: எங்கேர்ந்து வந்துச்சுன்னு தேடுங்க, ஆனா கதையை எல்லாம் நம்பாதீங்க

இடியத்தோட பிறப்பு பத்தி நெட்ல வர்றதுல ஏகப்பட்டது யாரோ சுவாரசியத்துக்குக் கட்டிவிட்டது. அதனால ஒரு பழக்கம் வெச்சுக்கங்க, கதை நல்லா இருக்கான்னு பார்க்காதீங்க, எழுத்துல எப்போ யார் பதிஞ்சு வெச்சிருக்காங்கன்னு பாருங்க. அப்படிப் பார்த்தா இந்த இடியம் தேறிடுது, இதுக்கு நிஜமாவே ஆதாரம் இருக்கு.

இது இங்கிலாந்துல பிறந்தது இல்லை. பழைய இங்கிலீஷ்ல "ஹாட்செட்டை மாட்டி வை"ன்னு வேற ஒரு வழக்கு இருந்துச்சு, கையில இருக்கிற வேலையை நிறுத்துன்னு அதுக்கு அர்த்தம், அது மரம் வெட்டுறவன் கோடாலி. நம்ம கோடாலி வட அமெரிக்காவோட பூர்வகுடி மக்களோடது. அவங்க கல் கோடாலி வெச்சிருந்தாங்க, அப்புறம் பிரெஞ்சுக்காரங்களும் டச்சுக்காரங்களும் இங்கிலீஷ்காரங்களும் பீவர்ங்கிற பிராணியோட தோலுக்காக இரும்புக் கோடாலியைக் கொண்டு வந்து பண்டமாத்து பண்ண ஆரம்பிச்சாங்க. டோமஹாக்னு அமெரிக்காக்காரன் ஏவுகணைக்குப் பேர் வெச்சிருக்கானே, அதுவும் அந்தக் கோடாலியோட பேர்தான், வர்ஜீனியா பக்கத்து பூர்வகுடி மொழிலேர்ந்து இங்கிலீஷுக்குப் போனது. இன்னொண்ணு சொல்றேன், ஒரு பக்கம் வெட்டுற அலகு, மறுபக்கம் புகையிலை வெச்சு இழுக்கிற குழாய்னு ரெண்டும் ஒரே கருவியில இருக்கிற பைப் டோமஹாக்னு ஒரு வகை உண்டு, சண்டையும் சமாதானமும் ஒரே காம்புல. மியூசியத்துல இருக்கிற படம் கிடைச்சா பாருங்க, இந்த இடியத்துக்கு அதைவிட நல்ல படம் கிடைக்காது.

இப்போ நியூயார்க் மாநிலம் இருக்கிற பகுதில மொஹாக், ஓனைடா, ஒனான்டாகா, கயூகா, செனெகான்னு அஞ்சு இனங்கள். ஒருத்தரை ஒருத்தர் அடிச்சுக்கிட்டே கிடந்தவங்க ஒண்ணு சேர்ந்து ஒரு கூட்டமைப்பு ஆனாங்க, ஹோடெனோஷோனின்னு பேரு, வெளியாட்கள் இரக்வாய்னு சொல்லுவாங்க. டஸ்கரோரான்னு ஆறாவது இனம் 1722 வாக்குல சேர்ந்துச்சு. அந்த அஞ்சு பேரும் எப்படி சேர்ந்தாங்கன்னு அவங்க வாய்மொழியா சொல்ற வரலாறு இப்படி: சமாதானத்தைக் கொண்டு வந்த ஒரு பெரியவர், கூட ஹயவாத்தான்னு ஒருத்தர். ஒரு பெரிய வெள்ளைப் பைன் மரத்தை வேரோட சாய்ச்சு, அந்தக் குழிக்குள்ள எல்லாரும் அவங்கவங்க ஆயுதத்தைப் போட்டாங்க, அடியில ஓடின ஆறு அதையெல்லாம் அடிச்சுட்டுப் போயிடுச்சு, மரத்தைத் திரும்ப அதே இடத்துல நட்டாங்க. இது எந்த வருஷம்னு அறிஞர்களுக்குள்ளயே ஒத்து வரல, சில நூறு வருஷ வித்தியாசத்துல சண்டை போடுறாங்க (அவங்க கோடாலி இன்னும் வெளியிலதான் இருக்கு).

இது வாய்மொழி. எழுத்துக்கு வருவோம். 1680ல பாஸ்டன்ல இருந்த சாமுவேல் சீவல்னு ஒருத்தர் ஒரு லெட்டர் எழுதுறார். மொஹாக் ஆளுங்களோட தகராறு ஆனதால இங்கிலீஷ்காரங்க தரப்புல மேஜர் பிஞ்சன்னு ஒருத்தர் ஆல்பனிங்கிற ஊருக்குப் போனார், அங்க அவங்க தலைவரைப் பார்த்துப் பேசி ஒரு உடன்பாட்டுக்கு வந்தாங்க, ரெண்டு கோடாலியை மண்ணுல புதைச்சாங்க, ஒண்ணு இங்கிலீஷ்காரங்களுக்கு, இன்னொண்ணு அவங்களுக்கு, காகிதத்துல எழுதுற எல்லா சமாதான ஷரத்தையும் விட இந்தச் சடங்குதான் அவங்களைக் கட்டுப்படுத்தும்னு சொல்றார். இதே சீவல்தான் பின்னாடி 1692ல அமெரிக்காவோட சேலம் (நம்ம சேலம் இல்லை) சூனியக்காரி வழக்குகள்ல நீதிபதியா உக்கார்ந்தவர், அப்புறம் 1697ல சர்ச்ல எல்லார் முன்னாடியும் எழுந்து நின்னு, தன்னோட தப்பை பாதிரியார் வாசிக்கக் கேட்டவர். அது வேற கதை, விடுங்க.

நமக்கு முக்கியம் அந்த 'ரெண்டு கோடாலி'. ஒரு தரப்புக்கு ஒண்ணு. ஒருத்தர் மட்டும் புதைச்சுட்டு இன்னொருத்தர் கையில வெச்சிருந்தா அதுக்குப் பேர் சமாதானம் இல்லை, சரணடையிறது. நான் அந்த கிளையண்ட்டுக்கு எழுதின வரில என்ன தப்புன்னு இந்த லெட்டரைப் பத்திப் படிச்சப்போதான் எனக்கு உறைச்சுது. "வாங்க கோடாலியைப் புதைக்கலாம்"னா, "உங்க கையிலயும் ஒரு கோடாலி இருக்கு"ன்னு நான் அவரைப் பார்த்து சொல்றேன். அவரு பாவம், பில்லுல ஒரு சந்தேகம் கேட்ட மனுஷன்.

அப்புறம் 1761 ஜூன் 25, கனடாவோட ஹாலிஃபாக்ஸ் ஊர்ல, இங்கிலீஷ் நிர்வாகத்தைப் பார்த்துக்கிட்ட ஜொனாதன் பெல்ச்சரும் மிக்மாக்ங்கிற பூர்வகுடி இனத் தலைவர்களும் சேர்ந்து நடத்தின நிகழ்ச்சி, அதுக்குப் பேரே கோடாலி புதைக்கும் விழாதான். அழுகிப் போறதுக்கு மட்டுமே லாயக்கான பிணத்தைப் புதைக்கிற மாதிரி இந்தக் கோடாலியைப் புதைக்கிறேன்கிற அர்த்தத்துல கேப் பிரெட்டன் தீவோட மிக்மாக் தலைவர் பேசினதா பதிவு இருக்கு. என்ன மாதிரி உவமை பாருங்க, யாரு பிணத்தைத் திரும்பத் தோண்டுவா.

ஆனா தோண்டினாங்க. 1785 நவம்பர் 28ல அமெரிக்க அரசும் செரோக்கி மக்களும் சவுத் கரோலினால ஹோப்வெல்ங்கிற இடத்துல ஒரு ஒப்பந்தம் போட்டாங்க, அதோட 13வது ஷரத்துல கோடாலி என்னென்னைக்கும் புதைக்கப்பட்டதா இருக்கணும்னு எழுதியே இருக்கு. அந்த மை காயுறதுக்கு முன்னாடியே குடியேறிகள் அவங்க நிலத்துக்குள்ள புகுந்துக்கிட்டுத்தான் இருந்தாங்க, 1838ல செரோக்கி மக்களை சொந்த மண்ணுலேர்ந்து பிடுங்கி மேற்கே நடக்க வெச்சாங்க, வழியிலயும் முகாம்லயும் செத்தவங்க சுமார் 4,000 பேர்னு ஒரு கணக்கு உண்டு. அந்த மக்களோட சடங்கு, அந்த மக்களோட வார்த்தை, வெள்ளைக்காரன் அதைக் கத்துக்கிட்டு ஒப்பந்தத்துலயே எழுதினான், சடங்கை மட்டும் காப்பாத்தல. இடியம் படிக்கிற இடத்துல இதை ஏன் சொல்றேன்னா, இந்த வரியை ஒரு பூர்வகுடி ஆள்கிட்ட ஜாலியா போடும்போது கொஞ்சம் யோசிங்கன்னுதான். இப்போ சிலர் ஆபீஸ் எழுத்துல இந்த மாதிரி வழக்குகளைத் தவிர்க்கச் சொல்றாங்க, அதுல நியாயம் இல்லைன்னு எனக்குத் தோணல.

இன்னிக்கும் நிஜமா கோடாலி புதைக்கிற ஊரு ஒண்ணு இருக்கு. டெலவேர் மாநிலத்துல சசெக்ஸ் கவுண்டி, ஜார்ஜ்டவுன்னு ஊரு. தேர்தல் முடிஞ்சு ரெண்டாவது நாள் 'ரிட்டர்ன் டே'ன்னு கொண்டாடுவாங்க. அந்தக் காலத்துல ஓட்டுப் போட்டவங்க ரிசல்ட் கேக்குறதுக்காக ரெண்டு நாள் கழிச்சு ஊருக்குத் திரும்பி வருவாங்க, அதான் அந்தப் பேரு. ஜெயிச்சவரும் தோத்தவரும் ஒரே வண்டில எதிரெதிர் உக்கார்ந்து ஊர்வலம் போகணும் (நம்ம ஊர்ல நினைச்சுப் பாருங்க), அப்புறம் கட்சித் தலைவர்கள் சேர்ந்து ஒரு கோடாலியைப் பிடிச்சு மணல் நிரப்பின பெட்டிக்குள்ள புதைப்பாங்க, மணல் பக்கத்துல லூயிஸ் கடற்கரைலேர்ந்து வரும், கூட்டத்துக்கு மாட்டுக்கறி சாண்ட்விச். அடுத்த தேர்தலுக்கு முன்னாடி எப்படியும் வெளிய எடுத்துடுவாங்க, அதுக்குத்தான் மண்ணுல புதைக்காம மணல்ல புதைக்கிறாங்க போலன்னு நான் நினைச்சுப்பேன்.

படி 4: வாக்கியத்துல வைக்கிற விதம்

இதுல பெருசா இலக்கணம் ஒண்ணும் இல்லை, ஆனா சில இடம் வழுக்கும். ரெண்டு பேர் வேணும், அதான் அடிப்படை. "ரவி அண்ட் குமார் ஹேவ் பெரீட் த ஹாட்செட்" சரி. "ரவி பெரீட் த ஹாட்செட் வித் குமார்" சரி. "ரவி பெரீட் த ஹாட்செட்"னு மட்டும் நின்னா கேக்குறவங்க யாரோடன்னு கேப்பாங்க, முன் வரில அந்த இன்னொருத்தர் வந்திருந்தா மட்டும் பரவாயில்லை.

'த'வை மாத்தாதீங்க, 'எ ஹாட்செட்'னா நிஜமாவே தோட்டத்துல ஒரு கோடாலியைப் புதைச்சதா ஆகிடும், போலீஸ் வந்து ஏன்னு கேக்கும். ரெண்டு பேர் இருக்காங்களேன்னு 'ஹாட்செட்ஸ்'னு பன்மையும் வேண்டாம். சீவல் ரெண்டு கோடாலின்னுதான் எழுதினார், ஆனா இடியம் நிலைச்சது ஒத்தைக் கோடாலியா. அதுக்குப் பதிலா ஆக்ஸ்னு போடுறதும் வழக்கத்துல இல்லை.

எதிர்ப்பதம் வேணும்னா, அந்தக் காலத்துல சண்டைக்குக் கிளம்புறதை "டேக் அப் த ஹாட்செட்"னு சொன்னாங்க, அப்படியே நம்ம அருவாளைத் தூக்குறதுதான். இப்போ அது யாரும் சொல்றதில்லை, பழைய எழுத்துல பார்த்தா புரிஞ்சுக்கங்க, அவ்வளவுதான்.

படி 5: சண்டையோட வயசையும் சம்மதத்தையும் பாருங்க

காலைல டீக்கு யார் காசு கொடுக்கிறதுன்னு வந்த முறைப்பு மத்தியானம் சரியாயிடுச்சுன்னா அதுக்கு இந்த இடியம் ரொம்ப பெருசு, "மேட் அப்" போதும். இது நாள்பட்ட சண்டைக்கு. அண்ணன் தம்பி வருஷக்கணக்கா பேசாம இருந்து தங்கச்சி கல்யாணத்துல பேசிக்கிட்டாங்க, ஒரே டீம்ல ரெண்டு பிளேயர்ஸ் சீசன் முழுக்க முறைச்சுக்கிட்டு இருந்து ஃபைனல்ல கட்டிப் பிடிச்சாங்க, பழைய பார்ட்னர்ஸ் திரும்ப ஒண்ணா தொழில் பண்றாங்க, இங்கெல்லாம் கச்சிதமா உக்காரும். நியூஸ் தலைப்புல அரசியல்வாதிகளுக்கும் நடிகர்களுக்கும் இதைப் போட்டுக்கிட்டே இருப்பாங்க.

சம்மதம்னு சொன்னேனே, அதான் நான் மாட்டின இடம். மூணாவது மனுஷங்களைப் பத்திச் சொல்றப்போ இந்த இடியம் ரொம்ப சேஃப், அவங்க சண்டை ஊருக்கே தெரியும், முடிஞ்சுதுன்னு சொல்றீங்க, அவ்வளவுதான். எதிர்ல இருக்கிறவர்கிட்டயே "நாம புதைச்சிடலாம்"னு சொல்றப்போதான் ஆபத்து, சண்டை இருந்துச்சுன்னு ரெண்டு பேரும் வாய்விட்டு ஒத்துக்கிட்ட பிறகு சொன்னா அது கை நீட்டுறது, அதுக்கு முன்னாடி சொன்னா அது குத்தம் சாட்டுறது. இதுல சந்தேகம் இருந்தா சொல்லாதீங்க. அடிபட்ட ஆள் ஒருத்தர், அடிச்ச ஆள் ஒருத்தர்னு ஒருதலையா நடந்த விஷயத்துக்கும் இது ஆகவே ஆகாது. மேனேஜர் ஒருத்தர் ஜூனியரை ஆறு மாசம் பாடாப் படுத்திட்டு "கம் ஆன், லெட்ஸ் பெரி த ஹாட்செட்"னா, அந்த ஜூனியர் கையில கோடாலி எங்க இருந்துச்சு?

படி 6: பக்கத்து வீட்டுக்காரங்ககூட குழப்பிக்காதீங்க

கோடாலி வர்ற இடியமெல்லாம் ஒரே குடும்பம்னு நினைச்சிடுவோம். "ஆன் ஆக்ஸ் டு கிரைண்ட்"னா உள்நோக்கம் வெச்சுக்கிட்டுப் பேசுறது. "ஹாட்செட் ஜாப்"னா ஒருத்தரைப் பத்தியோ ஒரு படத்தைப் பத்தியோ வேணும்னே கிழிச்சுத் தொங்கவிடுற எழுத்து. "ஹாட்செட் மேன்"னா கம்பெனில ஆட்களைத் தூக்குறதுக்குன்னே அனுப்புற ஆளு. இது மூணும் சமாதானத்துக்கு நேர் எதிர் திசை. ஒருத்தர் இன்டர்வியூல தன்னோட பலம் என்னன்னு கேட்டதுக்கு, டீம்ல சண்டை வந்தா தீர்த்து வைப்பேன்னு சொல்ல நினைச்சு "ஐ ஆம் எ ஹாட்செட் மேன்"னு சொன்னதா என் ஃப்ரெண்ட் சத்தியம் பண்ணுவான். நான் நம்பல, ஆனா கதை நல்லா இருக்கு. படி 3ல சொன்னது ஞாபகம் இருக்குல்ல.

படி 7: தமிழ்ல சொல்லிப் பாருங்க

ஒரு இடியம் நமக்குச் சொந்தமாச்சான்னு பார்க்க நான் வெச்சிருக்கிற டெஸ்ட் இது. "கோடாலியைப் புதைத்தனர்"னு சில செய்திகள்ல அப்படியே போட்டுடுறாங்க, படிக்கிறவனுக்குக் கொலைக் கேஸ்ல தடயத்தை மறைச்ச மாதிரி இருக்கும். ஏன்னா தமிழ்ல புதைக்கிறதுன்னாலே நல்ல காரியம் இல்லை. உண்மையைக் குழிதோண்டிப் புதைச்சாங்கன்னுதான் சொல்வோம், பகையைப் புதைச்சாங்கன்னு எழுத்துல வேணா வரும், பேச்சுல வராது. தலைமுழுகுறதும் ஆகாது, அது உறவே வேண்டாம்னு விடுறது, இதுக்கு நேர் எதிர்.

பேச்சுல நமக்கு இருக்கிறது "ராசியாயிட்டாங்க", "பழசையெல்லாம் மறந்து ஒண்ணு சேர்ந்துட்டாங்க". பெரியவங்க பஞ்சாயத்து பண்ணும்போது "பழசை மண்ணைப் போட்டு மூடுங்கப்பா"ம்பாங்க, அங்க மண்ணு வந்துடுது பாருங்க, கோடாலி இல்லையே தவிர காரியம் அதேதான். ஆனா எனக்கு இதுக்கு ரொம்ப நெருக்கமா தோணுறது சின்னப் பசங்க 'பழம்' விடுறது. காய் விட்டவன் தனியா பழம் விட முடியாது, எதிர்ல இருக்கிறவனும் விரலை நீட்டணும், அவன் நீட்டலைன்னா இவன் விரல் அந்தரத்துல நிக்கும். 1680ல ஆல்பனில புதைச்ச அந்த ரெண்டு கோடாலிக்கு நம்ம ஊர் ஸ்கூல் கிரவுண்ட்ல இருக்கிற பேரு அதுதான்.

அதனால அந்த வரியை அனுப்புறதுக்கு முன்னாடி, இவர் என்கிட்ட எப்பவாவது காய் விட்டாரான்னு தமிழ்ல ஒரு தடவை கேட்டுப் பாருங்க. அந்த பில் மெயிலுக்கு இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தா "க்ளாட் வி காட் திஸ் சார்ட்டட் அவுட்"னு எழுதியிருப்பேன், விஷயம் தீர்ந்ததுல சந்தோஷம்ங்கிறதோட முடிஞ்சிருக்கும். அதுக்கப்புறம் அவருக்கு நான் அனுப்பின மெயில் எல்லாம் அப்படித்தான் முடியுது. அவரும் கோடாலி பேச்சை எடுக்கல.